திருக்காவலூர் என்னும் ஏலாக்குறிச்சி: திருப்பயணத் தலமும் சிற்றிலக்கிய மரபும்

ஆய்வுச்சுருக்கம்

அரியலூர் மாவட்டம், கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை ஆலயம் தமிழகத்தின் பழமையான கத்தோலிக்கத் திருத்தலங்களுள் ஒன்று. வீரமாமுனிவர் இவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அப்பெயரிலேயே ஒரு கலம்பகமும் இயற்றினார். இன்று குழுவாகத் திருத்தலச் சுற்றுலா மேற்கொள்வோர் ஆலயத்தை அறிவர். அவ்வாலயத்தைத் தலமாக்கிய நூலை அறிவதில்லை. நூலைப் பயிலும் மாணவரோ ஊரைக் காண்பதில்லை. ஒன்றையொன்று விளக்கும் இவ்விரண்டும் பிரிந்துபோன நிலையையும், அவற்றைச் சேர்த்து நோக்கும்போது ‘அடைக்கலம்’ என்னும் சொல் பெறும் வரலாற்றுப் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருப்பயணம், ஏலாக்குறிச்சி, திருக்காவலூர்க் கலம்பகம், வீரமாமுனிவர், அடைக்கலம், தலமரபு, மொரப்பூர்.

முன்னுரை

தருமபுரி மாவட்டத்து மொரப்பூர், சென்னை–சேலம் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். 1906 முதல் இங்கிருந்து தருமபுரிக்கும், பின்னர் ஓசூருக்கும் குறுகிய இருப்புப்பாதை ஒன்று ஓடியது; இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. ஆதலின் பயணம் இவ்வூருக்குப் புதியதன்று. இன்றும் தருமபுரி மறைமாவட்டத்துப் பங்குகளிலிருந்து வேனிலும் பேருந்திலும் குழுவாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் திருப்பயணங்கள் சேலத்தைக் கடந்தே காவிரிக்கரைக்கு இறங்குகின்றன. பெரும்பாலானவற்றின் இலக்கு வேளாங்கண்ணி. பூண்டியும் ஏலாக்குறிச்சியும் வழியில் அமையும் நிறுத்தங்களாகக் கருதப்படுகின்றன.

தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. சேலம் மறைமாவட்டமோ 1930இல் தோன்றியது. நிருவாக எல்லைகள் இவ்வாறு அண்மைக்காலத்தவை எனினும், இப்பகுதிக்கும் பழைய மதுரை மறைப்பணித் தளத்துக்கும் இடையிலான தொடர்பு 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையினின்று புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் ஆகிய இடங்களுக்கு வந்தார். அதற்கும் வடக்கே, தகடூர் நாட்டுப் பகுதிகள் அந்நூற்றாண்டின் நடுவில் மைசூர் அரசின் கைக்குச் சென்றன; அதனால் அங்குள்ள கிறித்தவர் மதுரைத் தளத்தை விட்டு மைசூர்த் தளத்தின் பொறுப்பில் அமைந்தனர். அரசெல்லை மாறும்போது சமயப் பொறுப்பும் மாறியது என்பது இங்குக் கருதத்தக்கது. மொரப்பூரினின்று ஏலாக்குறிச்சிக்குச் செல்லும் பயணி இன்று ஒரே மாநிலத்திற்குள் செல்கிறார். 300 ஆண்டுகளுக்கு முன் அதே வழி, மைசூர், மதுரை நாயக்கர், பாளையக்காரர், தஞ்சை மராத்தியர் எனப் பல ஆட்சிப் பரப்புகளை ஊடறுத்துச் சென்றது. ஏலாக்குறிச்சியின் சிறப்பை விளங்கிக்கொள்ள இந்த எல்லைகளே திறவுகோல்.

கொள்ளிடத்தின் இரு கரைகள்

ஏலாக்குறிச்சி ஏன் அடைக்கலத் தலமாயிற்று என்னும் வினாவுக்கு இறையியல் விடையும் உண்டு, நிலவியல் விடையும் உண்டு. இரண்டாவது குறைவாகவே பேசப்படுகிறது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் தென்புறம் தஞ்சை மராத்தியர் ஆட்சியில் இருந்தது. சகசி மன்னர் (1684–1712) காலத்தில், 1701இல், அவ்வரசில் கிறித்தவர்கள் கடுந்துன்பத்திற்கு உள்ளாயினர். வடகரையில் ஆண்டவர்கள் அரியலூர் மழவராயர்கள். அவர்கள் தஞ்சைக்கு அடங்கியவர் அல்லர். எனவே ஆற்றைக் கடப்பது என்பது ஓர் அரசின் தண்டனை வரம்பை விட்டு வெளியேறுவதாகும். கொள்ளிடத்தின் நீர்ப்பெருக்குக் காலத்தில் பின்தொடர்வோருக்கு அது தடையாகவும் அமைந்தது. கோடையில் மணல் தெரியும் நாளில் அதே ஆறு எளிதான வழியாகவும் இருந்தது. ஏலாக்குறிச்சி இந்த ஆற்றுக்கு அண்மையில், தஞ்சையிலிருந்து திருவையாறு வழியாக வருவோர்க்கு எட்டும் தொலைவில் அமைந்துள்ளது.

இந்நிலையில் ‘அடைக்கலம்’ என்பதை வெறும் பக்திச் சொல்லாகக் கொள்ளுதல் போதாது. தமிழ் மரபில் அச்சொல்லுக்கு ஆழ்ந்த வழக்குண்டு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதி ‘அடைக்கலக் காதை’ என்றே பெயர் பெறுகிறது. அடைக்கலப் பொருளைக் காப்பது ஏற்பவரின் கடன். காக்கத் தவறின் உயிர்விடுதலும் நேரும் என்பதை மாதரியின் முடிவு உணர்த்துகிறது. இச்சொல்லின் இவ்வளவு கனத்தையும் அறிந்த ஒரு புலவர், ஓர் எல்லையோர ஊரின் தெய்வத்தாய்க்கு அதனைப் பெயராகச் சூட்டுகிறார். கடல்கடந்து வந்த மொழிபெயர்ப்பாக மட்டும் இதனைக் கருதுவோர், இலத்தீன் வேண்டுதல்களில் மரியாள் பாவிகளின் அடைக்கலமாகப் போற்றப்படுவதைச் சான்று காட்டுவர். அச்சான்று சரியே. ஆயினும் அங்கே அடைக்கலம் தேடுவது பாவம் செய்த உள்ளம். இங்கே ஆற்றைக் கடந்துவந்த குடும்பங்கள். ஒரே சொல் இரு பொருளையும் ஒருங்கே தாங்குகிறது.

ஊர்ப்பெயரும் கலம்பகமும்

கான்சுடன்சோ சோசப் பெசுகி என்னும் இயற்பெயருடைய வீரமாமுனிவர் 1680 நவம்பர் 8இல் இத்தாலியின் காசுதிலியோனேயில் பிறந்தார். 1710இல் கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டில் மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்தார். தைரியநாதர் என்பது அவர் முதலில் கொண்ட தமிழ்ப்பெயர். அவரது வாழ்வின் ஆக்கம் மிகுந்த ஆண்டுகள் ஏலாக்குறிச்சியைச் சார்ந்து கழிந்தன.

ஏலாக்குறிச்சி என்னும் மக்கள் வழக்குப் பெயர் இருக்க, அவர் திருக்காவலூர் என்னும் புதுப்பெயரைப் படைத்தார். காவல் உடைய ஊர் காவலூர். ‘திரு’ என்னும் அடை அதனைத் திருவரங்கம், திருவாரூர், திருவண்ணாமலை முதலிய தலங்களின் வரிசையில் நிறுத்துகிறது. பெயர் மாற்றம் சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்ச் சமய மரபில் தலம் என்பது பாடல் பெற்றதாலேயே தலம். தேவார மரபில் ‘பாடல் பெற்ற தலம்’, ‘வைப்புத் தலம்’ என்னும் பகுப்பும், திவ்வியப் பிரபந்த மரபில் ‘மங்களாசாசனம்’ பெற்ற திருப்பதி என்னும் கணக்கும் இதனை உறுதிப்படுத்துகின்றன. ஓர் ஊரில் கோயில் இருத்தல் மட்டும் போதாது. அவ்வூரின் பெயர் பாட்டில் ஏறவேண்டும். இவ்விதியை வீரமாமுனிவர் நன்கறிந்திருந்தார் என்பதற்குத் திருக்காவலூர்க் கலம்பகமே சான்று.

கலம்பகம் என்னும் இலக்கிய வகையை அவர் ஏன் தெரிந்தெடுத்தார் என்பது ஆராயத்தக்கது. நந்திக்கலம்பகம் அரசனைப் பாடியது. பிற்காலத்தில் இவ்வகை பெரிதும் தலங்களைச் சார்ந்து வளர்ந்தது. பிள்ளைப் பெருமாள் ஐயங்காரின் திருவரங்கக் கலம்பகம், குமரகுருபரரின் மதுரைக் கலம்பகம், காசிக் கலம்பகம் ஆகியவற்றின் பெயர்களை நோக்குக. இவற்றில் நூற்பெயராக நிற்பது தெய்வத்தின் பெயரன்று, ஊரின் பெயர். பிள்ளைத்தமிழோ பெரும்பாலும் பாட்டுடைத் தலைவரின் பெயரைத் தாங்கும். மரியாளைத் தலைவியாகக் கொள்ளப் பிள்ளைத்தமிழ் இயல்பாகப் பொருந்தியிருக்கும். தாய்மையும் குழந்தைமையும் அதற்குரிய பொருள்கள். அதனை விடுத்துக் கலம்பகத்தை மேற்கொண்டதில் ஒரு நோக்கம் தெரிகிறது. ஊரை நிலைநிறுத்துவதே அந்நோக்கம் எனக் கருத இடமுண்டு.

கலம்பக இலக்கணமும் இக்கருத்துக்குத் துணைசெய்கிறது. பாட்டியல் நூல்கள் தேவர்க்கு 100, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90 எனப் பாட்டெண்ணிக்கை வகுக்கின்றன. பதினெண் உறுப்புகளுள் ஊசல், அம்மானை, தூது, வண்டு, தவம் போன்றவை ஆடலும் பாடலும் உரையாடலும் கலந்த மக்கள் வழக்குகளிலிருந்து வந்தவை. ஒரு தலத்தின் திருநாளில் கூடும் பல்வகை மக்களின் குரல்களை ஒரே நூலில் திரட்டும் வடிவம் இது. குறத்தி, பாணன், மதங்கி, களியன், சித்தர் எனப் பலரும் வந்துசெல்லும் அரங்கம். அதாவது திருப்பயணிகளின் கூட்டத்தையே அமைப்பாகக் கொண்ட இலக்கிய வகை. ஓர் எல்லையோரச் சிற்றூருக்கு அப்போது இல்லாத பெருந்திருவிழாக் கூட்டத்தை, கலம்பகம் என்னும் வடிவமே முன்கூட்டி வரவழைத்துவிடுகிறது எனலாம்.

இலக்கணம் அறியாது இதனைச் செய்தவர் அல்லர் அவர். 1730இல் அவர் இயற்றிய தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணத்தையும் கூறுவது. செய்யுள் வகைகளின் மரபும் அதில் பேசப்படுகிறது. அடைக்கல மாலை, அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை என அவரது பிற சிறுநூல்களும் வடிவத்தால் வெவ்வேறானவை. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட தேம்பாவணி (1726) காப்பிய மரபை எடுத்துக்கொண்டது. இவற்றுள் தேம்பாவணி பெற்ற ஆய்வுக் கவனத்தில் ஒரு சிறு பங்கேனும் கலம்பகம் பெறவில்லை. காப்பியத்தைப் பெரிதெனவும் சிற்றிலக்கியத்தைச் சிறிதெனவும் கொள்ளும் பழக்கம் இதற்குக் காரணமாகலாம். ‘சிற்றிலக்கியம்’ என்னும் பெயரே அப்பழக்கத்தை ஊக்குவிக்கிறது. திருப்பயணத்தின் நோக்கில் பார்க்கும்போது இம்மதிப்பீடு தலைகீழாகிறது. தேம்பாவணியின் களம் யூதேயாவும் எகிப்தும். கலம்பகத்தின் களம் கொள்ளிடக்கரை.

நாயகி என்னும் சொல்

ஏலாக்குறிச்சியை அடைக்கல நாயகிக்கும், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தைப் பெரியநாயகிக்கும் உரியதாக்கியவர் வீரமாமுனிவர். ‘நாயகி’ என்னும் ஈறு சிவத்தலங்களில் அம்மனைச் சுட்டும் வழக்கு. தஞ்சைப் பெருங்கோயில் அம்மன் பெரியநாயகி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்மனும் பெரியநாயகியே. கோணான்குப்பம் விருத்தாசலத்திற்கு அண்மையில் இருத்தலை நோக்க, பெயரொற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்குதல் எளிதன்று. அப்பகுதி மக்களின் செவிக்குப் பழகிய பெயரே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

கோணான்குப்பத்து அன்னையின் சுரூபம் தமிழ்ப் பெண்ணின் உடையணிந்து விளங்குவது பலரும் அறிந்தது. அச்சுரூபம் மணிலாவில் செய்து வருவிக்கப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. அச்செய்தி எவ்வாறாயினும், பெயர், உடை, பாட்டு ஆகிய மூன்றும் ஒரே திசையில் செல்கின்றன. இதனைச் சமய உத்தி என்று குறுக்குவோரும் உளர். பண்பாட்டு இணக்கம் என்று போற்றுவோரும் உளர். இரு சொற்களும் முனிவரின் நோக்கத்தை மட்டுமே அளக்கின்றன. அப்பெயரை ஏற்று 300 ஆண்டுகள் வழங்கிவரும் மக்களின் பங்கை அவை கணக்கில் கொள்ளவில்லை. சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட தென்னிந்தியச் சமயங்கள் பற்றிய நூலில், கிறித்தவமும் இசுலாமும் இங்கு வேரூன்றியது உள்ளூர்த் தலைவர்களின் ஆதரவாலும் அம்மன், வீரர் வழிபாட்டு மரபுகளோடு கொண்ட உறவாலும் என விளக்கியிருப்பது இங்குப் பொருந்தும்.

மழவராயரின் நோய்

ஏலாக்குறிச்சியின் தலவரலாறு என இன்று பயணிகளுக்குச் சொல்லப்படுவதன் மையம் ஒரு நோய்தீர்த்த நிகழ்ச்சி. அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயர் இராசபிளவை என்னும் கட்டியால் துன்புற்றார். மருத்துவம் பலவும் பயனளிக்கவில்லை. வீரமாமுனிவர் அவ்வூர் மண்ணையும் நீரையும் கொண்டு, அன்னையை வேண்டி, அந்நோயை நீக்கினார். மகிழ்ந்த மழவராயர் ஆலயத்திற்கு நிலம் வழங்கினார். 1735ஆம் ஆண்டளவில் இது நிகழ்ந்ததாக மரபு குறிக்கும். நிலக்கொடையை உணர்த்தும் கல்வெட்டும் மாதா குளமும் இன்றும் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன.

இக்கதையின் கட்டமைப்பு தமிழ்த் தலபுராண வாசகர்க்குப் புதிதன்று. ஆள்வோன் நோயுறுதல், அடியவரால் நலம்பெறுதல், நிலம் அளித்தல் என்னும் இந்த மூன்றடுக்கு, திருஞானசம்பந்தர் கூன்பாண்டியனின் வெப்பு நோய் தீர்த்த நிகழ்ச்சியோடு ஒருபுடை ஒத்தது. அங்கே மருந்தாவது திருநீறு. இங்கே தலத்து மண்ணும் நீரும். இவ்வொப்புமை கொண்டு கதையைப் புனைவு என்று தள்ளுதல் ஆய்வு நெறியாகாது. நிகழ்ச்சி எவ்வாறு நினைக்கப்பட்டது, எந்த வடிவத்தில் சொல்லப்பட்டால் கேட்போர் நம்புவர் என்பதையே ஒப்புமை காட்டுகிறது. நிலக்கொடை ஒன்று நிகழ்ந்திருத்தல் வேறு. அதற்குக் கற்பிக்கப்படும் காரணம் வேறு. பாளையக்காரர் ஒருவர் எல்லையோரத்தில் புதுக்குடிகளை அமர்த்துவதால் உழவும் வரியும் பெருகும் என்பதும் அக்காலச் சூழலில் எண்ணத்தக்க காரணமே. நோய்தீர்ந்த நன்றியும் குடியேற்ற ஆதாயமும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

வீரமாமுனிவரைப் பற்றிய மரபுச் செய்திகள் நூல்வடிவம் பெற்ற வழியும் அறியப்பட வேண்டும். சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சார்ந்த அ. முத்துசாமிப் பிள்ளை, எல்லிசின் ஏவலால் முனிவரின் சுவடிகளைத் தேடிப் பயணம் செய்து, 1822இல் தமிழில் ஒரு வரலாறு எழுதினார். 1840இல் அதன் ஆங்கில வடிவம் வெளிவந்தது. முனிவர் காலமாகி முக்கால் நூற்றாண்டு கழிந்த பின், செவிவழிச் செய்திகளைத் திரட்டிய நூல் அது. சந்தா சாகிபிடம் அவர் திவானாக இருந்தார் என்னும் செய்தி அந்நூல் வழியாகவே பரவியது. சேசு சபையின் கடிதங்களைக் கொண்டு ஆய்ந்தோர் அதனை ஏற்கத் தயங்கினர். அவரது மறைவு 1742இல் மணப்பாட்டில் நேர்ந்தது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்ததும், அவர் 1747 பிப்ரவரி 4இல் கேரளத்து அம்பழக்காட்டில் காலமானார் என்று பின்னர்த் திருத்தப்பட்டதும் இத்தகைய மற்றொரு சான்று. பாடநூல்கள் சிலவற்றில் பழைய செய்தி இன்னும் வாழ்கிறது.

சுவடியும் சண்டையும்

அடைக்கலத் தலம் என்றவுடன் அமைதியான ஒதுக்கிடம் ஒன்று மனத்தில் எழுவது இயல்பு. 18ஆம் நூற்றாண்டு ஏலாக்குறிச்சி அத்தகையதன்று. அது எழுத்தும் பயிற்சியும் வாதமும் நிறைந்த ஊர். மார்கெரிட்டா திரெண்டோ 2022இல் வெளியிட்ட நூலில், வீரமாமுனிவரின் இலக்கிய இலக்கண ஆக்கங்களை உபதேசியார்களின் பயிற்சியோடு இணைத்துக் காட்டுகிறார். 1727இல் எழுதப்பட்ட வேதியர் ஒழுக்கம் நேரடியாகவே அவர்களுக்கு உரியது. குருமார் சிலரே இருந்த பெருநிலப் பரப்பில், ஊர்தோறும் செபமும் போதனையும் நடத்தியவர்கள் இத்தமிழ் உபதேசியார்களே. தேம்பாவணியின் முதல் வாசகர்களும் இவர்களாக இருந்திருத்தல் கூடும் என்னும் கருத்து, அக்காப்பியத்தைத் தனிப்புலமையின் வெளிப்பாடாக மட்டும் கற்பித்துவரும் வகுப்பறைகளுக்குப் புதிய வினாக்களை எழுப்புகிறது.

இங்கிருந்து எழுந்த நூல்கள் அனைத்தும் பக்தி நூல்கள் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் கால்வைத்த லுத்தரன் மறைப்பணியாளரை மறுக்கும் வேத விளக்கம் போன்ற கண்டன நூல்களும் வீரமாமுனிவருடையவை. தரங்கம்பாடியினர்க்கு அச்சுக்கூடம் இருந்தது. அவர்க்கு ஓலைச்சுவடியே துணை. இப்போட்டியின் நடுவே ஒரு வியப்பும் நிகழ்ந்தது. கொடுந்தமிழ் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடி லுத்தரன்களே. சமயத்தில் மறுக்கப்பட வேண்டியவர் இலக்கணத்தில் தவிர்க்க இயலாதவராய் இருந்தார். தேம்பாவணியோ 1851–53இல் புதுச்சேரியில்தான் அச்சேறியது; சதுரகராதி (1732) முழுமையாக 1824இல் சென்னையில் வெளிவந்தது.

திருத்தலச் சுற்றுலாவில் இப்பகுதி சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாமைக்குக் காரணம் மறைக்கும் எண்ணமன்று. ஒரு பயணக்குழுவின் நேரத்துக்குள் நோய்தீர்த்த கதையே அடங்கும்.

இன்றைய பயணமும் வாசிப்பும்

திருப்பயணத்தையும் எழுத்தையும் பிரிக்க முடியாது என்பதற்கு உலகச் சான்றுகள் பல. 333இல் போர்தோவிலிருந்து எருசலேம் சென்ற பெயரறியாப் பயணி ஊர்ப்பெயர்களையும் தொலைவுகளையும் நிரல்படக் குறித்துச் சென்றார். அந்நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண், புனித இடங்களில் அவ்வவ்விடத்துக்குரிய திருமறைப் பகுதியை வாசிக்கச் செய்து கேட்டதைத் தம் குறிப்பில் பதிந்தார். இடத்தில் நின்று அவ்விடத்தின் நூலை வாசித்தல் என்பது கிறித்தவத் திருப்பயணத்தின் மிகப் பழைய வழக்கம். 12ஆம் நூற்றாண்டில் சந்தியாகு தெ கொம்போசுதெலாவுக்குச் செல்வோர்க்கென வழிகாட்டி நூலும் எழுந்தது. தமிழில் இவற்றுக்கெல்லாம் முன்னோடியாகத் திருமுருகாற்றுப்படை நிற்கிறது. முருகன் உறையும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அடியவனை ஆற்றுப்படுத்துவது அது.

இவ்வழக்கம் இன்றைய குழுப் பயணத்தில் தளர்ந்திருக்கிறது. வேளாங்கண்ணியில் ஆகசுடு 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் நிறைவுறும் திருவிழாவை ஒட்டிப் புறப்படும் வேன் பயணங்களில் இடைநிறுத்தத் தலங்களுக்குக் கிடைப்பது ஒரு செபமாலை, ஒரு மெழுகுத்திரி, குளத்து நீர், உணவு ஆகியவற்றுக்கான நேரமே. இது குறைகூறத்தக்கதன்று. கூலிவேலைக்கும் பள்ளி விடுமுறைக்கும் இடையில் வாய்க்கும் இரண்டு நாளில் குடும்பத்தோடு இத்தொலைவு வருவதே பெரிது. விக்டர் தர்னரும் ஈடித் தர்னரும் 1978இல் கிறித்தவத் திருப்பயணம் பற்றி எழுதிய நூலில், பயணத்தின்போது அன்றாடப் படிநிலைகள் தளர்ந்து ஒருவகைத் தோழமை பிறக்கிறது என்றனர். 1991இல் ஈடும் சால்னோவும் அதனை மறுத்து, திருத்தலம் என்பது பல தரப்பினர் தத்தம் பொருளைக் கொண்டுவந்து மோதும் களம் என்றனர். ஒரே வேனில் சமைத்து உண்டு செல்லும் குழுவில் முதற்கருத்தின் உண்மையைக் காணலாம். தலத்தை அடைந்தபின் இரண்டாவது கருத்தே வலுப்பெறுகிறது: நேர்ச்சை செலுத்த வந்தவர்க்கு அது மருந்துமண், பங்குத்தந்தைக்குத் திருப்பலிக்குரிய ஆலயம், வரலாற்றாளர்க்கு எல்லைப்புறக் குடியேற்றம், தமிழாசிரியர்க்கு ஒரு கலம்பகத்தின் பாட்டுடைத் தலம். நான்காமவர் அங்கு வருவது அரிது என்பதே இங்குச் சுட்டவேண்டிய குறை.

மொரப்பூர்ப் பகுதியிலிருந்து வருவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. சேலம், ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலப் பகுதியை அடைந்தால் கோணான்குப்பத்தை முதலில் காணலாம்; அங்கிருந்து தெற்கே அரியலூர் வழியாக ஏலாக்குறிச்சிக்கு இறங்கலாம். திருச்சி வழியாகச் செல்லும் பழகிய பாதையில் ஏலாக்குறிச்சி, வேளாங்கண்ணிக்கு முன்னதான ஒரு நிறுத்தமாகவே நிற்கும். இவ்வழியிலோ பெரியநாயகியும் அடைக்கல நாயகியும் ஒரே புலவரின் இரு தலங்களாகத் தொடர்ந்து தோன்றுவர். வடக்கிலிருந்து வந்து கொள்ளிடக்கரையை அடையும்போது, ஆற்றின் மறுகரையில் தஞ்சை நாடு தொடங்குவதும் கண்ணுக்குப் புலனாகும். கலம்பகத்தின் ஊர்ச்சிறப்புப் பகுதிகளை அக்கரையில் வாய்விட்டுப் படித்தல், எகேரியாவின் பழைய வழக்கத்தையும் தேவார ஓதுவார் மரபையும் ஒருசேர மீட்பதாகும். இதற்குத் தேவை பெரும்பொருளன்று. அருஞ்சொற்பொருளுடன் கூடிய கையடக்கப் பதிப்பு ஒன்று போதும். தமிழ்த்துறைகள் ஆண்டுதோறும் நடத்தும் கல்விச் சுற்றுலாக்களில் பூம்புகாரும் தஞ்சையும் இடம்பெறுகின்றன. தஞ்சையினின்று திருவையாறு கடந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் ஏலாக்குறிச்சியும் அதே நாளில் அடங்கும்.

அவ்வாறு வருவோர் அங்கு வீரமாமுனிவரின் கல்லறையைக் காணமாட்டார்கள். பிறருக்குக் காவலூர் ஒன்றை அமைத்தவர், ஆர்க்காட்டு, மராத்தியப் படைகளின் போர்களால் நாடு கலங்கிய ஆண்டுகளில் அவ்வூரை விட்டு நீங்கி, தென்கடற்கரையிலும் பின்னர் மலையாள நாட்டிலும் வாழ்ந்து மறைந்தார். ஏலாக்குறிச்சியில் அவரது உடல் இல்லை. ஊருக்கு அவர் இட்ட பெயரும், அப்பெயரில் பாடிய நூலும் இருக்கின்றன.